வீட்டுக்கு இரண்டு சாவி

வாசலுக்குப் பூட்டு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள், பீரோவுக்குச் சாவி, அந்தச் சாவியோ புடைவைத் தலைப்பில் பத்திரம்! இவ்வளவு ஜாக்கிரதையாகக் குடித்தனம் நடத்துகிற நாம், கூடத்து மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டியை மட்டும் கவனிப்பதே இல்லை. ரவுட்டர் என்று அதற்குப் பெயர். 'வைஃபை பெட்டி' என்றால்தான் பல வீடுகளில் புரியும். கறிகாய்க் கணக்கு முதல் பாங்கிக் கணக்கு வரை, பிள்ளையின் பாடம் முதல் வெளியூரில் இருக்கும் பெண்ணின் முகம் வரை, எல்லாம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்து போகின்றன.

கவனிக்காவிட்டால் என்ன வந்து விடும் என்கிறீர்களா? 2008-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத் நகரத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் ஒரு மிரட்டல் கடிதம் வந்திருந்தது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிக் கொண்டு போலீஸார் போனார்கள். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் தெரியுமா? நவி மும்பையில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில், ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்கு! அவருடைய வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை. யாரோ முகம் தெரியாத ஆசாமி அதன் வழியாகக் கடிதத்தை அனுப்பி விட்டுப் போய் விட்டான். கம்ப்யூட்டரைப் பறி கொடுத்து விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது வீட்டுக்காரர்தான். வைஃபை அலைக்கு வாசற்படி கிடையாது. உங்கள் கூடத்தில் புறப்படுவது மாடிப்படியிலும் தெருவிலும் கூடக் கிடைக்கும்.

பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா? ஃபைபர் கம்பி இழுத்துக் கொடுக்கிறவர்கள் வைத்து விட்டுப் போகும் பெட்டியிலேயே அநேகமாக ரவுட்டரும் அடக்கம். படுக்கை அறைக்கு எட்டவில்லை என்றால் உடனே கடைக்கு ஓடாமல், முதலில் அதை இடம் மாற்றிப் பாருங்கள். டெலிவிஷனுக்குப் பின்னால், ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவே அதை ஒளித்து வைப்பது நம் வழக்கம். பார்க்க லட்சணமாக இல்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் இரும்பு பீரோ, ஆளுயர நிலைக்கண்ணாடி, கான்கிரீட் சுவர், தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் அலைகளை விழுங்கும், அல்லது திருப்பி அடிக்கும். வீட்டின் நடுப் பாகத்தில், உயரமான திறந்த அலமாரியில் வைத்தால் பாதிக் குறை தீர்ந்து விடும். மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அதனுடைய அலையும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் ஏறக்குறைய ஒரே தெருவில் குடியிருப்பவை.

வாங்கியே தீர வேண்டும் என்றால், எத்தனை கொம்பு நீட்டிக் கொண்டிருக்கிறது என்று எண்ணாதீர்கள். 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையும் உண்டா என்று கேளுங்கள். முன்னது நிதானம், ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். பின்னது வேகம், இரண்டு சுவர் தாண்டினால் களைத்து விடும். (பெயர்ப் பட்டியலில் '5ஜி' என்று வரும் இதற்கும், செல்போன்காரர்கள் விளம்பரம் செய்யும் 5ஜிக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை!) அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1200 என்று போட்டிருக்கும். ஓர் அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867, இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி அப்படிப் போடுகிறார்கள். உங்கள் செல்போன் சாதாரணமாக ஒரு சமயத்தில் ஒன்றில்தான் இருக்கும். மாதச் சந்தா 100 மெகாபிட்டுக்கு என்றால், எத்தனை பெரிய எண் போட்ட பெட்டியும் அதற்கு மேல் இன்டர்நெட் வேகத்தைக் கொண்டு வராது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய உருப்படியான கேள்விகள் வேறு. டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு உண்டா? கம்பெனி எத்தனை வருஷம் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும்? இரண்டாவது கேள்விக்கு அவர் விழித்தால், கம்பெனியின் வலைத்தளத்தில் பார்த்து விட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.

பூட்டுகளில் டபிள்யூ.இ.பி. என்பது கிழம். அதன் பலவீனத்தை 2001-லேயே நிபுணர்கள் அம்பலப்படுத்தி விட்டார்கள். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 இன்றும் ஏராளமான வீடுகளில் இருக்கிறது. 2018-இல் அறிமுகமான மூன்றாவது அதைவிட உறுதி.

"நாங்கள் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே!" என்கிறீர்கள். என்ன பாஸ்வேர்டு? வீட்டு எஜமானரின் செல்போன் நம்பர்! டபிள்யூ.பி.ஏ.2-இல் ஒரு சங்கடம் உண்டு. உங்கள் செல்போனும் ரவுட்டரும் இணையும் சமயத்தில் பரிமாறிக் கொள்ளும் சங்கேதத்தை வெளியே நிற்கிற ஒருவன் பிடித்துக் கொள்ள முடியும். பிறகு சாவகாசமாகத் தன் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை ஏவி ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்ப்பான். செல்போன் நம்பர் என்றால் பத்தே இலக்கம். அதிலும் முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. நல்ல வேகமுள்ள கம்ப்யூட்டருக்கு அது ஓர் இராத்திரி வேலை கூட இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்துப் பாருங்கள். 'வெண்டைக்காய் ஊஞ்சல் திங்கட்கிழமை குடை' என்பது போல. நீளத்தால் அவன் திணறுவான், உங்களுக்கோ மறக்காது. (இதையே வைத்துக் கொள்ளாதீர்கள், பத்திரிகையில் வந்து விட்டது!)

இது முதல் சாவிதான். இரண்டாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 192.168.1.1 என்பது போல ஒரு விலாசமும், பெரும்பாலும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் அதில் அச்சாகியிருக்கும். கம்ப்யூட்டரில் அந்த விலாசத்தைப் போட்டால், பெட்டியின் அந்தரங்க அறை திறக்கும். வைஃபை பாஸ்வேர்டு வாசற்கதவுச் சாவி என்றால், இது பீரோச் சாவி. பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டுமே 'அட்மின்' என்ற ஒரே சொல்தான். இப்படி எல்லாருக்கும் பொதுவான பாஸ்வேர்டுடன் விற்கக் கூடாது என்று பிரிட்டனில் 2024-இல் சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது.

பீரோச் சாவி பிறர் கையில் போனால் என்ன ஆகும் என்பதைப் பிரேஸில் தேசம் 2011-இல் பார்த்தது. மோடங்களில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் புகுந்த திருடர்கள், அவற்றின் விலாசப் புத்தகத்தையே மாற்றி எழுதி விட்டார்கள். பாங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும், அச்சு அசலாக அதே போன்ற போலிப் பக்கம் வந்து நிற்கும். அப்படி மாற்றப்பட்டவை சுமார் 45 லட்சம் மோடங்கள்! பணத்தை இழந்தவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அரை மணி ஒதுக்கி அந்த அறைக்குள் நுழையுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து வையுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். மென்பொருள் தானாகவே புதுப்பித்துக் கொள்ளட்டும். டபிள்யூ.பி.எஸ். என்ற எட்டு இலக்கக் குறுக்கு வழி ஒன்று இருக்கும். அதையும் அடைத்து விடுங்கள். எட்டு இலக்கத்தையும் அது இரண்டு துண்டாகச் சரி பார்ப்பதால் 11,000 முறை முயன்றாலே போதும் என்று 2011-இல் தெரிய வந்தது. உங்கள் வைஃபைக்கு வீட்டு நம்பரையோ குடும்பப் பெயரையோ சூட்டாதீர்கள். தெருவில் போகிறவர்களின் செல்போனில் எல்லாம் அது தெரியும்.

"மாமி, எங்கள் நெட் நின்று விட்டது. உங்கள் பாஸ்வேர்டு கொடுங்களேன், குழந்தைக்குப் பரீட்சை" என்று எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றால்? மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா? அதற்கும் வழி இருக்கிறது. பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கலாம். இன்டர்நெட் கிடைக்கும், வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வர முடியாது. வாசல் காமிராவையும் புதுமோஸ்தர் விளக்குகளையும் கூட அதிலேயே சேர்த்து விடுவது நல்லது. 2016-இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக் கொண்டு லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தி, அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்பிளிக்ஸையும் சில மணி நேரம் தவிக்க விட்டது.

பழைய ரவுட்டரைக் காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால் ஒரு நிமிஷம் பொறுங்கள். அதன் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். மின்சாரம் ஓடிக் கொண்டிருக்கும் போதே, உள்ளே இருக்கும் பொத்தானைக் குச்சியால் சுமார் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தால், உங்கள் வீட்டுச் சாவி இரண்டும் அதிலிருந்து அழிந்து விட்டன என்று அர்த்தம்.