சித்திரக்காரருக்கு விளம்பரம் எதற்கு?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பார்கள். மெய்தான். ஆனால் பூவைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மணம் வீசவில்லையே என்று வருந்தி என்ன பயன்?

நம்மிடம் படித்த மாணாக்கன் ஒருவன் அழகாகச் சித்திரம் எழுதுவான். "என் படங்களை நானே புகழ்வதா, ஸார்?" என்று கூசிக்கொண்டு, இப்பொழுது ஆபீஸ் வேலைகளுக்கு மனுப் போட்டு வருகிறான்.

அவனுக்கு ரவிவர்மாவின் வரலாற்றைச் சொன்னோம். அவருடைய தைல வர்ணச் சித்திரங்கள் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்து வந்தன. அவற்றை அச்சிட்டு ஜனங்களிடையே பரப்பலாமே என்று யோசனை கூறினார் ஸர் டி. மாதவராவ். 1894-ல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் எழுந்தது. வர்ணத்துக்கு ஒரு கல்லாக அச்சேறிய லக்ஷ்மியும் சரஸ்வதியும் ஏழை எளியவர் வீட்டுப் பூஜை மாடங்களிலும் குடியேறினார்கள். ரவிவர்மா தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. படங்களே வீடு வீடாகச் சென்று அவர் பெயரைச் சொல்லின. நல்ல விளம்பரம் என்பது இதுவே.

ஆனால் புகழ் வேறு, வரவு செலவு வேறு. பெயர் நாடெங்கும் பரவியும் அச்சுக்கூடம் நஷ்டப்பட்டு, சில ஆண்டுகளில் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரிடம் கைமாறிற்று.

"ஆகவே, உன் படங்களில் சிறந்ததை நாலு பேர் கண்ணில் படும்படி வை. பெயர், விலாசம், கூலி மூன்றையும் தெளிவாகக் குறி" என்றோம்.

மறு வாரம், மளிகைக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்த காலண்டர் படத்தின் பிரதியுடன் வந்தான். மூலையில் பெயர் இருந்தது, விலாசமும் இருந்தது.

"கூலி வாங்கினாயா?" என்று கேட்டோம்.

தலையைச் சொறிந்தான்!