‘இது எப்படி இருக்கு?’ பிறந்த கதை

அல்சூர் மார்க்கெட்டில் கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டிவிட்டு, மேலே இரண்டு காயைச் சும்மா போட்ட வியாபாரி கேட்கிறார்: “இது எப்படி இருக்கு?” ஸ்ரீராம்புரத்தில் கேரம் ஆடும் பையன் சிவப்புக் காயை ஒரே அடியில் குழிக்குள் தள்ளிவிட்டு அதையே கேட்கிறான். மூன்று மாதமாக மேஜையில் தூங்கிய பைலை ஒரே மத்தியானத்தில் முடித்து அனுப்பிய குமாஸ்தாவும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து அதைத்தான் கேட்கிறார்.

இவர்களில் யாருக்கும் பதில் வேண்டியதில்லை. கேள்வியிலேயே பதில் இருக்கிறது. “நான் செய்ததைப் பார்த்தாயா?” என்பதுதான் பொருள்.

கேரம் ஆடும் அந்தப் பையன் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த சினிமா வசனம் இது. படத்தை அவன் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அப்பா சொன்னார், மாமா சொன்னார், அவனும் சொல்கிறான். ஆனால் இந்த மூன்று வார்த்தைக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு, இங்கே வேலைக்கு வந்து வேர் விட்ட நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஜவுளிக் கடைப் பேச்சு

வார்த்தைகளில் புதுமை ஒன்றுமில்லை. ஜவுளிக் கடையில் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, “இது எப்படி இருக்கு, பாருங்கம்மா” என்று கேட்காத விற்பனையாள் உண்டா? குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்காத வீடு உண்டா? யார் வீட்டிலும் புழங்குகிற சாதாரணப் பேச்சு. அதை எடுத்து நாடு முழுவதும் திருப்பிச் சொல்லும்படி செய்தது ஒரு படம், ஒரு நடிகர்.

படம் ‘16 வயதினிலே’. 1977-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி வெளிவந்தது. எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரித்தார். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவுக்கு டைரக்டராக அது முதல் படம். வசனம் பி.கலைமணி. சப்பாணியாகக் கமல்ஹாசன், மயிலாக ஸ்ரீதேவி. ஊர் ரவுடி பரட்டையாக ரஜினிகாந்த்.

பரட்டைக்கு வேலை வெட்டி கிடையாது. கூட்டாளிகளை வைத்துக்கொண்டு போவோர் வருவோரைக் கிண்டல் செய்வான். சப்பாணியை ஏய்த்து வேலை வாங்குவான். ஒவ்வொரு குறும்பும் முடிந்ததும் கூட்டாளிகள் பக்கம் திரும்பி, “இது எப்படி இருக்கு?” என்பான். அவர்கள் சிரிக்க வேண்டும். சிரித்தார்கள். தியேட்டரும் சேர்ந்து சிரித்தது.

அதே படத்தில் பரட்டையின் கூட்டாளியாக வந்த கவுண்டமணி சொன்ன “பத்த வச்சிட்டியே பரட்டை” என்பதும் பிழைத்துக்கொண்டது. இரண்டு பேரைக் கோள் மூட்டிவிட்டு நழுவுகிற ஆளைப் பார்த்து இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறோம். “சந்தைக்குப் போகணும், ஆத்தா வையும், காசு கொடு” என்ற சப்பாணியின் கெஞ்சலும் அப்படியே. ஒரே படத்திலிருந்து மூன்று பேச்சு ஊருக்குள் இறங்கியது கலைமணியின் பேனாவுக்குப் பெருமைதான்.

கர்நாடக மண்ணில்

படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கிராமம் மதுரைப் பக்கமோ, தேனிப் பக்கமோ என்று நினைத்திருப்பார்கள். படத்தின் பெரும் பகுதி எடுக்கப்பட்டது மைசூர், கொள்ளேகால் வட்டாரத்தில். கொள்ளேகால் 1956-ல் மாநில எல்லைகள் பிரிக்கப்படும் வரை கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்த தாலுகா. ஸ்டுடியோவுக்குள் அட்டைக் குடிசை போட்டுக் கிராமம் காட்டிய காலத்தில், அசல் தெருவில், அசல் வெயிலில் எடுத்தார்கள். ஆக, தமிழ்நாடே திருப்பிச் சொன்ன பேச்சுக்குக் காமிரா ஓடியது காவிரிக்கு மேற்கே.

பாரதிராஜாவுக்கும் இந்த மண் புதிதல்ல. கன்னடத்தின் பெரிய டைரக்டரான புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் அவர். ரஜினிகாந்தின் முதல் கன்னடப் படமான ‘கதா சங்கம’ (1976) அதே புட்டண்ணா எடுத்ததுதான். குருவும் சீடரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

வில்லன் சொன்னால்தான் நிற்கும்

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் வாயில் நிற்கிற பேச்சைப் பெரும்பாலும் கதாநாயகன் கொடுப்பதில்லை. அவன் நல்லது சொல்கிறான். கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். வில்லன் சொன்னதுதான் டீக்கடை வரை வருகிறது.

பி.எஸ்.வீரப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் ‘மகாதேவி’யில் “மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி” என்றார். அடுத்த வருஷம் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும்போது, “சபாஷ், சரியான போட்டி!” என்றார். அந்தப் படத்தின் கதை மறந்துபோனவர்களுக்குக்கூட அந்த வார்த்தை மறக்கவில்லை. எலெக்‌ஷனில் இரண்டு பெரிய ஆட்கள் எதிர் எதிராக நின்றால் பத்திரிகைகள் அதையே தலைப்பாகப் போட்டன.

ஆனால் வீரப்பா பேசியது ராஜா காலத்துத் தமிழ். அட்டகாசச் சிரிப்போடு சேர்த்துச் சொன்னால்தான் எடுபடும். பரட்டை பேசியது தெருத் தமிழ். அதற்கு வாளும் கிரீடமும் வேண்டாம். இதை இப்போது ‘பஞ்ச் டயலாக்’ என்கிறார்கள். வில்லன் வசனத்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

10-ஏ பஸ்சில் பிறந்த வேகம்

வார்த்தை கலைமணியுடையது என்றால், அதைச் சொன்ன விதம் யாருடையது?

சிவாஜிராவ் கெய்க்வாட் 1950-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி பெங்களூரில் பிறந்தவர். தந்தை ராமோஜிராவ் போலீஸ் கான்ஸ்டபிள். வீட்டில் பேசியது மராத்தி. கவிபுரம் அரசுப் பள்ளியில் படித்தது கன்னடம். முன்னோர்களின் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கத்து நாச்சிக்குப்பம். மூட்டை தூக்குவது உட்படக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பி.டி.எஸ். என்ற பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீசில் கண்டக்டர் ஆனார். ஸ்ரீநகருக்கும் மெஜஸ்டிக்குக்கும் போய் வந்த 10-ஏ அவருடைய பஸ்.

அந்த பஸ்சின் டிரைவர் ராஜ் பகதூர். சிவாஜிராவ் டிக்கெட் கிழிக்கிற வேகம், சில்லறை கொடுக்கிற லாகவம், தலைமுடியை ஒதுக்குகிற தோரணை இவற்றைப் பார்க்கவே பயணிகள் இந்த பஸ்சுக்காகக் காத்திருப்பார்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நண்பர் சொல்கிற கதையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் கூட்டம் பிதுங்குகிற பஸ்சில் டிக்கெட் கொடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அங்கே நீட்டி முழக்கிப் பேச நேரமில்லை. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் சொல்ல வேண்டியதை வெட்டிச் சொல்லியாக வேண்டும்.

பஸ் தொழிலாளர் நடத்திய கன்னட நாடகங்களில் அவர் துரியோதனன் வேஷம் கட்டினார். 1973-ல் சென்னை திரைப்பட இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். அங்கே கே.பாலசந்தர் கண்ணில் பட்டபோது அவருக்குத் தமிழ் சரியாக வராது. தமிழ் கற்றுக்கொள் என்று பாலசந்தர் சொன்னார். பேசிப் பழகத் துணை நின்றவர் அதே டிரைவர் ராஜ் பகதூர். தம்முடைய பழைய படமான ‘மேஜர் சந்திரகாந்த்’ படத்துப் பாத்திரம் ஒன்றின் பெயரை எடுத்து ரஜினிகாந்த் என்று வைத்து, 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் சின்ன வேஷம் கொடுத்தார் பாலசந்தர்.

ரயில்வேக்காரர்கள் கேட்டு மகிழ ஒரு சேதியும் உண்டு. பள்ளி நாளில் வீட்டைவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறி, வழியில் டிக்கெட்டைத் தொலைத்து மாட்டிக்கொண்ட கதையை 2019 டிசம்பரில் ‘தர்பார்’ பட விழாவில் அவரே சொன்னார். போர்ட்டர்கள் அபராதம் கட்ட முன்வந்தார்களாம். பையன் பொய் சொல்லவில்லை என்று நம்பி விட்டுவிட்டாராம் டிக்கெட் பரிசோதகர். தமிழ் மண்ணில் தன்னை முதலில் நம்பியவர் அவர்தான் என்றார் ரஜினி.

இப்படி நாலு வருஷத்துக்குள் பழகிய தமிழோடுதான் பரட்டை வேஷத்துக்கு வந்தார். வயது 26. இலக்கணமாக ‘எப்படி’ என்று நிறுத்திச் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் அந்த வசனம் ஜவுளிக் கடையிலேயே நின்றிருக்கும். அவர் ‘எப்டி’ என்று வெட்டினார். மூன்று வார்த்தையும் ஒரே மூச்சில் ஓடிவந்து கடைசியில் சிரிப்பில் முடிந்தது. சென்னைத் தமிழும் அல்ல, மதுரைத் தமிழும் அல்ல. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்காரனின் வேகம் என்று பெங்களூர்வாசிகள் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

ஜாலஹள்ளி என்ஜினீயர்

பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்குச் சாட்சி அடுத்த வருஷமே வந்தது. 1978-ல் ‘இது எப்படி இருக்கு’ என்ற பெயரிலேயே ஒரு படம். ஆர்.பட்டாபிராமன் டைரக்‌ஷன். நடித்தவர்கள் ஜெய்சங்கரும் ஸ்ரீதேவியும். ரஜினி அதில் இல்லை. வசனத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமலே வசனத்தை மட்டும் போஸ்டரில் ஏற்றினார்கள்!

அந்தப் படத்தின் கதை சுஜாதா எழுதிய ‘அனிதா - இளம் மனைவி’ நாவல். சுஜாதா என்ற எஸ்.ரங்கராஜன் அப்போது இதே பெங்களூரில், ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்ஜினீயர். பகலில் பி.இ.எல். வேலை, மற்ற நேரத்தில் கணேஷ், வசந்த் கதை. பெங்களூர் என்ஜினீயர் எழுதிய நாவலுக்குப் பெங்களூர் கண்டக்டர் பேசிய வசனம் தலைப்பு ஆனது. ஒரு வருஷம் முன்னால், 1977 அக்டோபரில் வந்த ‘காயத்ரி’யும் சுஜாதா கதைதான். அதே பட்டாபிராமன் எடுத்தார். அதில் வில்லன் ரஜினி.

கைமாறிய கேள்வி

பரட்டை நல்லவன் அல்ல. எளியவனைச் சீண்டிவிட்டு அவன் கேட்ட கேள்வி இது. மயிலைக் கெடுக்கப் போன இடத்தில் சப்பாணி கையில் கல்லடி பட்டுச் சாகிறான். அவன் செத்தான், அவன் கேள்வி சாகவில்லை. அதோடு, கேட்கிற ஆளும் மாறிவிட்டார். வேலை வெட்டி இல்லாதவன் கேட்டதை வேலை செய்கிறவன் எடுத்துக்கொண்டான். சுவரை நூல் பிடித்த மாதிரி கட்டி முடித்த கொத்தனார் கேட்கிறார். நின்றுபோன மோட்டாரை ஓட வைத்த மெக்கானிக் கேட்கிறார். சீண்டல் போய், செய்த வேலையைக் காட்டுகிற பெருமை வந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பெங்களூர்த் தமிழர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். “ஸ்வல்ப தள்ளு” என்று தெரியாமல் வாயில் வந்துவிட்டால் போதும். “சும்னே இரு” என்று பிள்ளையை அதட்டினால் போதும். “இது என்ன தமிழ்?” என்று சித்தப்பா பிள்ளைகள் சிரிப்பார்கள். கர்நாடகத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணைத் திருநெல்வேலிக்கோ வேலூருக்கோ கட்டிக் கொடுத்தால், முதல் வருஷம் முழுக்க அவள் பேச்சுதான் அந்த வீட்டில் சிரிப்பு. அப்படிச் சிரிக்கிற அதே பிள்ளைகள் சீட்டாட்டத்தில் ரம்மி இறக்கிவிட்டு என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்தால் தெரியும்.

ரஜினி அதற்குப் பிறகு எத்தனையோ பேசிவிட்டார். 1978-ல் ‘முள்ளும் மலரும்’ படத்தில் விஞ்ச் ஆபரேட்டர் காளியாக, 1995-ல் ‘பாட்ஷா’வில் ஆட்டோ டிரைவர் மாணிக்கமாக, 1999-ல் ‘படையப்பா’வாகப் பேசியதெல்லாம் ஊர் வாயில் இருக்கிறது. அவையெல்லாம் கதாநாயகன் வசனம். பெரிய ஆள் ஆன பிறகு, அவர் பேசுவதற்கென்றே எழுதி வைத்தது. ‘இது எப்படி இருக்கு’ அப்படியல்ல. போஸ்டரில் கமலுக்கும் ஸ்ரீதேவிக்கும் பிறகு பெயர் வரும் நிலையில் இருந்த ஒரு நடிகர் சொன்னது. மக்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

2021 அக்டோபரில் டெல்லியில் தாதா சாகேப் பால்கே விருது வாங்கியபோது, அதைப் பாலசந்தருக்கும், அண்ணன் சத்தியநாராயண ராவுக்கும், டிரைவர் ராஜ் பகதூருக்கும் சமர்ப்பிப்பதாக ரஜினிகாந்த் மேடையில் சொன்னார். 2023 ஆகஸ்டு 29-ந் தேதி, முன்கூட்டிச் சொல்லாமல் ஜெயநகர் நாலாம் நம்பர் டெப்போவுக்கு வந்து நின்றார். பி.டி.எஸ். என்ற பெயர் போய் பி.எம்.டி.சி. ஆகி வருஷங்கள் ஆகிவிட்டன. அன்று டியூட்டியில் இருந்த டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.