வாசிப்புப் பிழையும் கிளைமொழியும்: ஆசிரியப் பயிற்சி பற்றி ஒரு குறிப்பு

மாணவரின் பேச்சைக் கொண்டே அவர்தம் அறிவை அளந்துவிடும் போக்கு, ஆசிரியரிடம் அவரறியாமலே அமைவது. இச்சார்பினை நீக்க நல்லெண்ணம் மட்டும் போதாது. மொழியியல் அறிவும் வேண்டும் என்பதை அமெரிக்காவின் ஆன் ஆர்பர் வழக்கு உணர்த்துகிறது.

மிச்சிகன் மாநிலத்து அந்நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் பயின்ற கறுப்பினச் சிறார் சார்பில் 1977இல் அவ்வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் சிலர் கற்றல் குறைபாடுடையோர் என வகைப்படுத்தப்பட்டிருந்தனர். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் அளித்த தீர்ப்பு, சிறாரின் வீட்டுமொழியைக் குறையாகக் கொள்ளவில்லை. அம்மொழிபால் ஆசிரியர் தம்மையறியாமல் கொள்ளும் மனப்பாங்கே கற்றலுக்குத் தடையாகும் எனக் கண்டது. கிளைமொழியை ஆசிரியர் இனங்காணவும், அவ்வறிவை வாசிப்புக் கற்பித்தலில் பயன்படுத்தவும் உதவும் திட்டமொன்றை 30 நாட்களுக்குள் அளிக்குமாறு பள்ளி வாரியத்தைப் பணித்தது.

இனங்காணல் எவ்வாறு? கறுப்பினத்தார் ஆங்கிலத்தில் சொல்லிறுதி மெய்ம்மயக்கம் பலவிடத்தும் ஒற்றை மெய்யாகக் குறையும்; ‘பாஸ்ட்’ என்னும் இறந்தகால வினை ‘பாஸ்’ என ஒலிக்கும். சிறுவன் விகுதியை அறியவில்லையா, ஒலிக்கவில்லையா என்பதைச் செவியால் மட்டும் துணிய இயலாது. வில்லியம் லபாவ் இதற்கொரு வழி கண்டார். காலங்காட்டும் பிற சொல் இல்லாத தொடரில், எழுத்தில் ஒன்றாயினும் நிகழ்காலத்தில் ‘ரீட்’ எனவும் இறந்தகாலத்தில் ‘ரெட்’ எனவும் ஒலிக்கும் வினையைப் பின்னே அமைத்தார். ‘பாஸ்’ என்றபின் ‘ரெட்’ எனப் படிக்கும் சிறுவன் விகுதியின் பொருளை உணர்ந்துள்ளான்; அவனது ஒலிப்பு கிளைமொழிக்குரியது. ‘ரீட்’ எனப் படிப்பின், அவனுக்குக் கற்பிக்க வேண்டியது விகுதியை.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் சிறார் வாசிப்பின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, மதிப்பெண் இடுமுன் இவ்வாறு பகுத்தறியப் பழகுதல் வேண்டும். திருத்தத்தக்க பிழையையும் ஏற்கத்தக்க வேறுபாட்டையும் பிரித்தறியாதவிடத்து, பேச்சின் இயல்பே மாணவரின் குறையாகப் பதிவாகிவிடும்.