சாரகர்ஹி வீரர்கள் 21 பேர்

பஞ்சாபின் ஃபெரோஸ்பூருக்குப் போகும் நேயர்கள் அங்குள்ள சாரகர்ஹி குருத்வாராவை அவசியம் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில், 1904இல் திறக்கப்பட்ட இந்த வழிபாட்டிடம் ஒரு போர் நினைவகமும்கூட.

1897 செப்டம்பர் 12. பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சமானா மலைமுகட்டில் லாக்ஹார்ட், குலிஸ்தான் என இரண்டு கோட்டைகள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாது. நடுவிலிருந்த சாரகர்ஹி காவல்சாவடிதான், கண்ணாடியில் வெயிலைப் பிரதிபலித்து இரண்டுக்கும் செய்தி கடத்தியது. அன்று காலை ஆயிரக்கணக்கான அஃப்ரிதி, ஒரக்சாய் பழங்குடியினர் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே, ஹவில்தார் ஈஷர் சிங் தலைமையில் 36ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 பேர்.

அவர்களில் ஒருவரான குர்முக் சிங் நடப்பதையெல்லாம் ஒளிச் சைகையில் லாக்ஹார்ட் கோட்டைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சுவர் உடைந்து எதிரிகள் நுழைந்தபோது, நிறுத்திக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டார். கிடைத்ததும் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். அந்த நேரத்திலும் அனுமதி கேட்ட மனிதரை என்னவென்று பாராட்டுவது!

21 பேரும் உயிர்விட்டார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு அன்று கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த வீர விருதான ‘இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்’ அத்தனை பேருக்கும் வழங்கப்பட்டது. அமிர்தசரஸிலும் பொற்கோயிலுக்கு அருகே இவர்களுக்கு ஒரு நினைவு குருத்வாரா இருக்கிறது. அந்தப் படைப்பிரிவு இன்று இந்திய ராணுவத்தில் சீக்கிய ரெஜிமெண்டின் 4ஆம் பட்டாலியன். ஆண்டுதோறும் செப்டம்பர் 12 சாரகர்ஹி நாள்.