ஓடும் படத்தின் மேல் ஒரு மெனு

வீட்டில் அமர்ந்து ஒரு திரைப்படத்தில் மனம் தோய்ந்திருக்கும் ரசிகர், பாத்திரங்கள் பேசும் மொழியை மாற்றிக் கேட்கவோ, முன்பு வந்த ஒரு காட்சியை மறுபடி பார்க்கவோ விரும்பினால், டிவிடியின் காலத்தில் அவர் மெனு பட்டனை அழுத்திய மாத்திரத்தில் படம் மறைந்துபோய், அதற்கென்று தனிச் சித்திரமும் தனிப் பின்னணி இசையும் கொண்ட வேறொரு பக்கம் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேலையை முடித்துத் திரும்பி வருவதற்குள் கதையில் ஊன்றியிருந்த சித்தம் கலைந்துவிடும். 2006ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ப்ளூ-ரே தட்டு இந்தக் குறையைத் தீர்த்தது. ஓடும் படம் ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேலேயே ஒரு சிறு பட்டியல் எழுந்து, காரியம் முடிந்ததும் மறைகிறது. இதைத்தான் பாப்-அப் மெனு என்கிறார்கள். தெளிவான பிம்பத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், ரசிகரின் கவனத்துக்கு மரியாதை செய்யும் இந்த ஏற்பாடும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், ப்ளூ-ரே பிளேயர் திரையில் காட்டுவது ஒரே சித்திரம் அன்று. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகளைப் போல் பல தளங்களை அது சேர்த்துக் காட்டுகிறது. அடியில் திரைப்படம், அதன் மேல் வசன எழுத்துக்களுக்கான தளம், எல்லாவற்றுக்கும் மேலே மெனுவுக்கென்று ஒதுக்கிய தளம். மேல் தளத்தில் எதுவும் வரையப்படாத இடமெல்லாம் ஊடுருவித் தெரிவதால், பட்டன்கள் இருக்கும் பகுதி மட்டுமே படத்தை மறைக்கிறது.

தளம் மட்டும் இருந்தால் போதாது. தட்டைப் படிக்கும் லேசர் ஒன்றே. அது படத்தின் தரவை இடைவிடாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மெனுவின் சித்திரங்களைத் தேடித் தட்டின் வேறொரு மூலைக்குப் போகுமானால் படம் தடுமாறி நின்றுவிடும். ஆகையால் பாப்-அப் மெனுவின் தரவைப் படத்தோடு கலக்காமல் தனிக் கோப்பாக வைத்து, படம் தொடங்குவதற்கு முன்பே அதை முழுவதும் பிளேயரின் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பட்டனை அழுத்திய க்ஷணத்தில் அது தோன்றுவதற்குக் காரணம், அது முன்னமே வந்து காத்திருப்பதுதான். தட்டைப் போட்டவுடன் வரும் முதல் மெனுவின் சங்கதி வேறு. அதன் பட்டன்கள் பெரும்பாலும் பின்னணிப் படத்தோடு கலந்தே வருகின்றன.

காத்திருக்கும் இடத்துக்கு எல்லை உண்டு என்பதால், மெனுவை அமைப்பவர் சிக்கனமாக வரைய வேண்டியிருக்கிறது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு முழுத் திரைச் சித்திரம், புள்ளிக்கு ஒரு பைட் வீதம், 20,73,600 பைட்களை விழுங்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று நிலைகள் உண்டு: சும்மா இருக்கும் நிலை, தேர்வு வந்து தங்கிய நிலை, அழுத்தப்பட்ட நிலை. இவை மூன்றையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். 300 புள்ளி அகலமும் 80 புள்ளி உயரமும் கொண்ட ஒரு பட்டனை எடுத்துக்கொண்டால், ஒரு நிலைக்கு 24,000 பைட், மூன்றுக்கும் சேர்த்து 72,000 பைட்தான் ஆகும். தேர்ந்த கலைஞர்கள் பட்டன்களைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்வது இதனால்தான்.

வர்ணத்திலும் கட்டுப்பாடு உண்டு. டிவிடி மெனுவில் பட்டனைச் சுட்டிக் காட்டும் மேல்படலத்துக்கு நான்கே வர்ணங்கள் இருந்த நிலையை நினைத்தால், ஒரு பக்கத்துக்கு 256 இடங்கள் கொண்ட வர்ணப் பட்டியலைத் தரும் ப்ளூ-ரே தாராளமானதாகவே தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலை அந்தப் பக்கத்தின் பட்டன்கள் யாவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஓர் இடம் முழுமையாக ஊடுருவித் தெரியும் வெறுமைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு வர்ணத்தோடும் அதன் ஊடுருவும் அளவும் சேர்ந்தே பதிவாவதால், கெட்டிக் கறுப்பு ஓரிடத்தையும், அதே கறுப்பின் பாதி மங்கல் இன்னோரிடத்தையும் பிடிக்கின்றன. எழுத்தின் கீழே மென்மையாகக் கரையும் ஒரு நிழலைப் போட்டால், அதன் ஒவ்வொரு படிக்கும் ஓர் இடம் செலவாகிறது. காட்சிகளின் சிறு புகைப்படங்களையும் அதே பக்கத்தில் வைத்தால், முகங்களில் வர்ணம் பட்டை பட்டையாகப் பிரிந்து அவலட்சணமாகத் தெரியும்.

எழுத்துக்களும் இங்கே சித்திரங்களே. பிளேயருக்கு அரிச்சுவடி தேவையில்லை. தமிழில் மெனு அமைப்பவருக்கு இது பெரிய அநுகூலம். கொம்பும் காலும் முறையாக அமர்ந்த சொல்லைத் தம் கம்ப்யூட்டரிலேயே எழுதிப் படமாக்கி வைத்துவிட்டால், தமிழை அறியாத தேசத்தில் செய்த பிளேயரும் அதை அப்படியே காட்டும்.

இனி, பட்டன்களின் நடமாட்டத்தைப் பார்ப்போம். ரிமோட்டில் இருப்பவை நான்கு அம்புகள். ஒவ்வொரு பட்டனுக்கும் மேலே, கீழே, இடப்புறம், வலப்புறம் எந்தப் பட்டன் இருக்கிறது என்று மெனுவை அமைப்பவர் எண்ணால் குறித்துவைக்க வேண்டும். கண்ணுக்கு அருகில் தெரிவதை பிளேயர் தானே ஊகித்துக்கொள்ளாது. பட்டனுக்குள்ளே கட்டளைகள் இருக்கின்றன. ஒலியை மாற்றும் கட்டளை படத்தை நிறுத்துவதில்லை. இன்னொரு காட்சிக்குத் தாவும் கட்டளை, அதே படத்தின் வரிசையில் முன்பே போட்டுவைத்த அடையாளப் புள்ளிக்குச் செல்கிறது. மெனுவை மூடுவதற்கும் தனிக் கட்டளை உண்டு.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த யுக்தி ஒன்று இருக்கிறது. மொழிப் பட்டியல் திறக்கும்போது, இப்போது எந்த மொழி ஒலிக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு சிறு குறி தெரிய வேண்டும். ரசிகர் முன்பே ரிமோட்டின் ஒலி பட்டனால் மொழியை மாற்றியிருக்கக் கூடுமாதலால், எந்தக் குறியையும் நிரந்தரமாக வரைந்துவிட முடியாது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டனை அந்தப் பக்கத்தில் ஒளித்து, பக்கம் திறந்ததும் அது தானாகவே அழுந்தும்படி செய்துவிடுகிறார்கள். அது பிளேயர் தன் நிலையைக் குறித்து வைத்திருக்கும் ரிஜிஸ்டர்களுள் ஒலிக்கு உரியதைப் படித்துப் பார்த்து, குறி உள்ள பட்டனையும் குறி இல்லாத பட்டனையும் ஒரே இடத்தில் வைத்துள்ள தொகுதியிலிருந்து, பொருத்தமான ஒன்றை மட்டும் வெளியே கொண்டுவருகிறது. ஒரு தொகுதியில் ஒரு சமயத்தில் ஒரு பட்டன்தான் தெரியலாம் என்பது விதி; அந்த விதியே இங்கே உபகாரமாகிறது.

எங்கே வைப்பது என்பது ரசனையைச் சேர்ந்த கேள்வி. திரையின் அடிப்பகுதியே வழக்கமான இடம். முகங்கள் அங்கே அரிதாகவே வருகின்றன. ஆனால் வசன எழுத்துக்களும் அங்கேதான் இருக்கின்றன. மெனுவின் தளம் அவற்றுக்கு மேலே உள்ளதால் அவற்றை மறைத்துவிடும். ஒற்றை வரிசையாக, தாழ்ந்த பட்டையாக, உட்பட்டியல் வேண்டும்போது மட்டும் மேல்நோக்கி விரியும்படி அமைப்பதே சிறந்தது என்று நான் கருதுகிறேன். சில தட்டுகளில் பாதித் திரையை அடைத்துக்கொண்டு, பளபளக்கும் சட்டங்களோடு வரும் மெனுக்களைக் காணும்போது, படத்தை நிறுத்தாமலிருக்க இத்தனை பிரயாசை எடுத்துக்கொண்டதன் பயன் என்ன என்று வருத்தமே உண்டாகிறது. ரசிகர் சிறிது நேரம் எதையும் தொடாவிட்டால் மெனு தானே மறையும்படி காலவரம்பு விதிக்கவும் ஏற்பாடு உண்டு.

பெரிய ஸ்டுடியோக்கள் இந்த எளிய முறையை விட்டு, ஜாவா மொழியில் எழுதும் பிடி-ஜே என்ற முறையைக் கையாள்வதுண்டு. அதில் வர்ணக் கட்டுப்பாடு தளர்கிறது, ஆனால் தட்டு தொடங்கத் தாமதமாகிறது. தொழில்முறைக் கூடங்களில் சீனாரிஸ்ட், ப்ளூ-பிரிண்ட் போன்ற சாதனங்கள் வழங்குகின்றன. சிறு தயாரிப்பாளர்களுக்கு அடோபியின் என்கோர் உதவியாக இருந்தது. ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளாக வரைந்து, அடுக்குத் தொகுதியின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறியைப் போட்டால், அதை அது பட்டன் என்று புரிந்துகொள்ளும். 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

எந்தச் சாதனத்தில் செய்தாலும், கம்ப்யூட்டரில் மவுஸைக் கொண்டு பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. எந்தப் பட்டனையும் நேரே தொட மவுஸால் முடியுமாதலால், அம்புகளின் வழியில் உள்ள பிழை அங்கே புலப்படாது. பரீட்சைக்கென்று ஒரு தட்டை எழுதி, வெவ்வேறு பிளேயர்களில் இட்டு, ஒவ்வொரு பட்டனிலிருந்தும் நான்கு திக்கிலும் அம்பை அழுத்தி, ஒவ்வொரு மொழியையும் மாற்றிக் கேட்டு, மெனு திறந்திருக்கும்போதே படம் முடிந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்த பிறகே, அச்சுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.