தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வீடு: லாபமா, நஷ்டமா?

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதத்தில். பட்டணத்தில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்கிற வாழ்க்கைக்கு அன்றைக்கே வழி பிறந்துவிட்டது. அப்போது தாம்பரம்தான் எல்லை. இப்போது அது பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று தெற்கே நகர்ந்து செங்கல்பட்டைத் தொட்டுவிட்டது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் விலையைத்தான் சொல்வார்கள். அது உண்மையான காரணம். ஆனால், தூரத்தில் குடியேறுவது லாபமா என்ற கேள்விக்குச் சொந்த வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விடை ஒன்று, வாடகைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் விடை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் தேவையில்லாமல் அலைகின்றன.

வாடகைக்குப் போகிறவர் கணக்கு

மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் வாடகையில் 8,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ரயில் செலவு பெரிதல்ல. சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கே 10 ரூபாய்தான். சீசன் டிக்கெட் எடுத்தால் அதுவும் குறையும். செலவு வேறு இடத்தில் இருக்கிறது: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் பைக், அதற்குப் பெட்ரோல், ஸ்டாண்ட் கட்டணம், இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ. இவற்றுக்கு மாதம் 3,000 போனால், கையில் நிற்பது 5,000.

இந்த 5,000 ரூபாய்க்கு அவர் கொடுப்பது நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி கூடுதலானால், 25 வேலை நாட்களில் 50 மணி நேரம். அதாவது, ஒரு மணி நேரத்தை 100 ரூபாய்க்கு விற்கிறார். அதே மனிதருக்கு அலுவலகம் தரும் சம்பளமோ, நாளுக்கு எட்டு மணி என்று பார்த்தால், மணிக்கு 150 ரூபாய். ஆண்டு முழுவதும் கூட்டினால் 600 மணி நேரம். 75 வேலை நாட்களுக்குச் சமம்.

கணவன், மனைவி இருவருமே நகரத்துக்குள் வேலைக்குப் போனால் நேரம் இரண்டு மடங்காகும். வாடகை மிச்சமோ அதே 8,000தான்.

வீடு வாங்குகிறவர் கணக்கு

இங்கே படம் மாறுகிறது. எட்டரை சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு மாதம் சுமார் 868 ரூபாய் கட்ட வேண்டும். நகரத்துக்குள் வாங்கும் வீட்டுக்கும் புறநகரில் வாங்கும் வீட்டுக்கும் 30 லட்சம் வித்தியாசம் என்றால், தவணையில் மட்டும் மாதம் சுமார் 26,000 ரூபாய் குறையும். போக்குவரத்துக்கு அதே 3,000 ரூபாயைக் கழித்தாலும், 50 மணி நேர அலைச்சலுக்கு மணிக்கு 460 ரூபாய் கிடைக்கிறது. இந்த அலைச்சலுக்கு அர்த்தம் உண்டு.

ஏன் இந்த வேறுபாடு? நம் நகரங்களில் வீட்டு விலை ஏறிய அளவுக்கு வாடகை ஏறவில்லை. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு ஆண்டு வாடகை மூன்று சதவீதம் என்று கொண்டால், மாதம் 25,000. அதே ஒரு கோடியைக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 86,000 ரூபாயைத் தாண்டும். விலையைப் பார்த்து மிரண்டு நகரத்தை விட்டு ஓடுகிறவர்கள், வாடகை அந்த அளவுக்கு மிரட்டவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

அட்வான்ஸ்தான் பயமுறுத்துகிறது என்பார்கள். பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதை ஏற்கவில்லை. வீடு பார்க்கும்போது இதை எடுத்துச் சொல்லிப் பேரம் பேச யாரும் தயங்க வேண்டியதில்லை.

பணத்தில் அடங்காதவை

புருனோ ஃப்ரை, அலோய்ஸ் ஷ்டுட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாகக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ கிடைத்திருக்கும். அதனால் மனநிறைவில் பெரிய குறைவு இருக்காது என்பதே பொருளாதாரப் பாடம். கிடைத்த முடிவு வேறு. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் திருப்தி குறைந்திருந்தது.

நம் வீடுகளில் இந்தச் சுமை சமமாகவும் பங்கிடப்படுவதில்லை. ஏழரை மணி ரயிலுக்கு ஓடும் பெண், ஐந்து மணிக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. மாலையில் ரயில் தாமதமானால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டபோது, வீட்டு வேலைக்கு நடந்தே போய்வந்த பெண்கள் பலர் பஸ் ஏறிப் போகும் நிலைக்கு வந்தார்கள். பலருக்கு வேலையே போனது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல். போன நேரத்தை அதனால் திருப்பித் தர முடியாது.

கிலோமீட்டரைவிட ஸ்டேஷன் முக்கியம்

தாம்பரம் வரை ரயில்கள் அடிக்கடி உண்டு. பல ரயில்கள் அங்கேயே நின்றுவிடுவதால், அதைத் தாண்டினால் காத்திருப்பு கூடும். ஆகவே, ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் கூடுவாஞ்சேரியில் இருப்பவர், ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தாம்பரத்தில் இருப்பவரைவிட முன்னதாக எழும்பூர் சேர வாய்ப்பு உண்டு. விலை மலிவாக இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஸ்டேஷன்தான் முக்கியம் என்ற பாடத்தை அரசும் படிக்க வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது. ஏறி இறங்க அன்றைக்கு ஸ்டேஷன் இல்லை. 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயில் வசதியானதுதான். ஆனால் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய் கொடுக்க எல்லோராலும் முடியாது. கூடுதல் சாதாரண ரயில்களும், ஸ்டேஷன் வாசலிலிருந்து உட்புற நகர்களுக்குச் சிற்றுந்துகளும்தான் உடனடித் தேவை.

வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போனாலும் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தெருவிலிருந்து உங்கள் அலுவலகம் வரை போய், மாலையில் திரும்பி வந்து பாருங்கள். 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இரவில் ஸ்டேஷனிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வாடகைக்கு என்றால் வேலைக்கு அருகே பாருங்கள். வாங்குவதென்றால் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வாங்குங்கள்.