மன்னார் போகும் பிள்ளைக்கு

இலங்கையில் படிக்கும் உங்கள் பிள்ளை, விடுமுறையில் நண்பர்களோடு மன்னார் கடற்கரைக்குப் போக அனுமதி கேட்டால் தடுக்காதீர்கள். பிரயாணமும் கல்விதான். பெருக்கமரத்தைப் பார்க்கட்டும், தலைமன்னாரில் கடலாடட்டும், தொழுகையைக் கஸ்ராகச் சுருக்கித் தொழட்டும்.

மன்னார் நகரை அடுத்த எருக்கலம்பிட்டிக்கும் போய் ஸலாம் சொல்லச் சொல்லுங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூர் மக்கள் வீடு வாசலை விட்டுப் படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தார்கள். புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் பலர் திரும்பினர். புத்தளத்திலேயே தங்கிவிட்டோரும் உண்டு.

அங்குள்ள மூதாட்டி ஒருவரிடம் அந்த நாட்களைப் பிள்ளை கேட்டறியட்டும். வீடு திரும்பியதும் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.